படங்களின் பின்பக்கம்

நாற்பத்தொன்றாம் வருஷம் ஆடி மாதத்தில் எங்கள் பள்ளித் தலைமையாசிரியை என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டனுப்பி, சனிக்கிழமைகளில் எனக்கு ஏதாவது வேலை இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். எனக்கு அப்போது இருபத்தாறு வயது. மயிலாப்பூரில் அந்தப் பெண்கள் பள்ளியில் சித்திர ஆசிரியையாக இருந்தேன். வீடு மந்தைவெளியில், அம்மா, அண்ணன், நான். அப்பா இறந்த வருஷத்தில் வந்த ஒரு வரன் தட்டிப்போயிற்று. அதற்குப் பிறகு யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அடையாற்றில் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி தங்கியிருப்பதாகவும், ஊரில் உள்ள படக்கடைகளையும் கைவேலைச் சாமான் விற்கும் கடைகளையும் பார்க்க அவர் ஆசைப்படுவதாகவும், கூடப் போய்ப் பேச்சைப் புரியவைக்க ஒருவர் வேண்டும் என்றும் தலைமையாசிரியை சொன்னார். அந்த அம்மாள் இங்கிலீஷ்காரி இல்லை என்பதை மட்டும் கடைசியில், குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

அவர் வியன்னாக்காரி. ஜெர்மானியர்கள் அந்த ஊரைப் பிடித்துக்கொண்ட பிறகு தப்பி வந்த யூதப் பெண். ஆனால் கையில் இருந்தது ஜெர்மன் பாஸ்போர்ட். அதனால் சர்க்கார் அவரையும் எதிரி நாட்டுப் பிரஜை என்றே எழுதிவைத்திருந்தது. யாருக்குப் பயந்து ஓடி வந்தாரோ அவர்கள் பட்டியலிலேயே அவர் பெயரும் இருந்தது. வாரம் ஒரு தரம் போலீஸ் ஆபீஸில் கையெழுத்துப் போட வேண்டும். மயிலாப்பூர், தியாகராய நகர், ராயப்பேட்டை, எழும்பூர் வரை போய்வர அனுமதி உண்டு. அதைத் தாண்டினால் முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டும். பொழுது சாய்வதற்குள் வீட்டில் இருக்க வேண்டும். ஆற்றுக்கு அந்தப் பக்கம், மாமரங்களுக்கு நடுவே இருந்த ஒரு வீட்டின் மாடி அறையில் வாடகைக்கு இருந்தார். என்னைவிட ஐந்தாறு வயது பெரியவராக இருக்கலாம். ஒல்லியாக, உயரமாக இருப்பார். என்னை டீச்சர் என்பார், நான் மேடம் என்பேன். என் அம்மாவுக்கு அவர் வியன்னாக்காரம்மா.

முதல் சில மாதங்கள் நன்றாகத்தான் போயின. மாடவீதியில் கண்ணாடிப் படம் விற்கிற கடை, தியாகராய நகரில் புதிதாக வந்திருந்த பொம்மைக் கடை, மவுண்ட் ரோடில் சந்தனக் கட்டைப் பெட்டிகளும் தந்தச் சாமான்களும் வைத்திருந்த பெரிய கடை என்று வாரம் ஒன்றாகப் போனோம். தம் ஊரில் அவர் ஒரு படக்கடையில் வேலை பார்த்தவர். படங்களைத் தூசி தட்டுவது, சீட்டு எழுதி ஒட்டுவது, வருகிறவர்களுக்கு விளக்கிச் சொல்வது எல்லாம் அவர் வேலை. அந்தக் கடை இருந்த தெருவில் மட்டும் பதினொரு படக்கடைகள் என்றார். வழுவழுத்த கல் பாவிய தெரு, பீங்கான் செய்கிறவர் கடை, புத்தகம் தைக்கிறவர் கடை, மூலையில் காபிக் கடை என்று அவர் சொல்லச் சொல்ல எனக்கு அந்தத் தெருவில் நடக்கிற மாதிரியே இருக்கும்.

ஒரு பழக்கம் மட்டும் எனக்கு விளங்கவில்லை. எந்தப் படத்தைக் கையில் எடுத்தாலும் முதலில் அதைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்ப்பார். பலகையில் ஏதாவது பெயர் எழுதியிருந்தால் விரலால் தடவிப் பார்ப்பார். கடைக்காரர்களுக்கு அது பிடிக்காது. மாடவீதிக் கடைக்காரர் ஒருநாள், "சாமி படத்தை முகத்தைப் பார்த்துதானேம்மா வாங்குவாங்க?" என்று என்னிடம் வருத்தப்பட்டார். அதை மேடத்திடம் சொன்னேன். திரும்பி வரும்போது அடையாற்றுப் பாலத்தின் மேல் நின்று அவராகவே காரணத்தைச் சொன்னார்.

அவருடைய ஊரில் அவர் இருந்த கடைசி வருஷத்தில் படக்கடைகள் நிரம்பி வழிந்தனவாம். அவ்வளவு நல்ல படங்கள் அதற்கு முன் விற்பனைக்கு வந்ததே இல்லை. அவற்றில் சிலதை அவர் முன்பே பார்த்திருந்தார், தெரிந்தவர்கள் வீட்டுச் சாப்பாட்டு அறைகளில். படத்தைத் திருப்பினால் சொந்தக்காரர் பெயர் இருந்த இடம் கத்தியால் சுரண்டப்பட்டிருக்கும். எந்தக் குடும்பம் வீட்டை விட்டுத் துரத்தப்பட்டது, யாரை அழைத்துக்கொண்டு போனார்கள் என்பது பேப்பரில் வராது. கடை ஜன்னலைப் பார்த்துத்தான் அவர் தெரிந்துகொண்டார். பார்த்ததையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிவைத்தார். எந்தப் படம், யார் வீட்டில் இருந்தது, எந்தக் கடையில் எந்தத் தேதியில் பார்த்தது என்று. அந்த நோட்டைத் துணிக்குள் வைத்துத் தைத்து, மறைத்துக் கப்பலில் கொண்டுவந்திருந்தார். இங்கேயும் ஒரு சின்ன நோட்டு எப்போதும் கையில் இருக்கும்.

இந்த ஊரில் அதெல்லாம் இல்லை மேடம் என்று சொன்னேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

கார்த்திகைக் கடைசியில் ஜப்பான் யுத்தத்தில் இறங்கியது. சில வாரங்களில் ரங்கூன் மேல் குண்டு விழுந்தது. ரங்கூனில் என் அக்கா இருந்தாள். என்னைவிட நாலு வயது மூத்தவள். அத்திம்பேருக்கு அங்கே ஒரு மரக் கம்பெனியில் வேலை. கல்யாணமான இரண்டாம் மாதமே அக்காவைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். குழந்தை இல்லை. மாதம் தவறாமல் வந்த கடிதம் அந்த மாதம் வரவில்லை. அண்ணன் ரயில்வேயில் குமாஸ்தா. ஆபீசிலிருந்து வரும்போதே முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வோம், இன்றும் தகவல் இல்லை என்று. அம்மா கேட்பதை நிறுத்திவிட்டாள்.

தை மாதத்தில் ஊரின் முகமே மாறிப்போயிற்று. தெரு விளக்குகளுக்குக் கறுப்பு மூடி போட்டார்கள். கடைக் கண்ணாடிகளில் காகிதப் பட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டினார்கள். ஒரு சனிக்கிழமை எழும்பூரில் உள்ள காட்சிசாலைக்குப் போனோம். செத்த காலேஜ் என்றுதான் ஊரில் அதைச் சொல்வார்கள். அன்று அந்தப் பெயர் எனக்கு என்னவோபோல் இருந்தது. வெண்கலச் சிலைகள் இருந்த கூடத்தில் பாதிப் பீடங்கள் காலி. பத்திரமாக இருக்கட்டும் என்று உள்நாட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள் என்று காவல்காரர் சொன்னார். சிலை போய்விட்டது, அடியில் சீட்டு மட்டும் ஒட்டியிருந்தது. வியன்னா அம்மாள் ஒவ்வொரு காலிப் பீடத்தின் முன்னாலும் நின்று அந்தச் சீட்டைப் படித்தார். நான் வாசலுக்கு வந்து நின்றுகொண்டேன்.

அதே மாதத்தில்தான் ராயப்பேட்டைக் கடையில் பர்மாச் சாமான்கள் தென்பட ஆரம்பித்தன. மணிக்கூண்டுக்குப் பக்கத்தில் ஒரு பாய் வைத்திருந்த கடை அது. பழைய விளக்கு, கடிகாரம், படம், பீங்கான் எல்லாம் வாங்கி விற்பார். அவர் வீட்டில் பேசுவது உருது. எங்களிடம் நல்ல தமிழில், நிதானமாகப் பேசுவார். படத்தைத் திருப்பிப் பார்ப்பதை ஆட்சேபிக்காத ஒரே கடைக்காரர் அவர்தான். முதலில் ஒரு அரக்குப் பெட்டி. அடுத்த வாரம் நாலு. பிறகு ஜரிகை வேலை செய்த சுவர்த் துணி, தேக்குமர யானை, ஒரு குழந்தையின் வெள்ளிக் கொலுசுகூட இருந்தது. கப்பலில் வந்தவர்கள் கொண்டுவந்து கொடுக்கிறார்கள் என்றார் பாய். வியன்னா அம்மாள் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துக் கீழே வைத்தார். நோட்டில் எதுவும் எழுதவில்லை.

மாசியில் ஒருநாள் பள்ளிக்கு மப்டியில் ஒரு போலீஸ்காரர் வந்தார். தலைமையாசிரியையின் அறையில் என்னை உட்காரவைத்து, அந்த அம்மாள் எங்கெங்கே போகிறார், யாரோடு பேசுகிறார், நோட்டில் என்ன எழுதுகிறார், படங்களின் பின்பக்கத்தில் என்ன தேடுகிறார் என்று கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார். பாலங்களைப் பற்றி ஏதாவது விசாரித்தாரா என்றும் கேட்டார். பாலத்தின் மேல் நின்று பேசியது உண்மை. இல்லை என்றேன். அவர் போன பிறகு தலைமையாசிரியை, இனிமேல் கொஞ்ச நாள் சனிக்கிழமைகளில் வீட்டோடு இரு என்றார். அதற்கடுத்த இரண்டு சனிக்கிழமைகள் நான் அடையாற்றுக்குப் போகவில்லை. காய்ச்சல் என்று பள்ளி ஆயாவிடம் சீட்டுக் கொடுத்தனுப்பினேன். காய்ச்சல் இல்லை.

மூன்றாவது சனிக்கிழமை போனேன். அவர் எதுவும் கேட்கவில்லை. குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். ராயப்பேட்டைக்குப் போனோம்.

கடையில் பாய் எனக்கு ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். வியன்னா அம்மாள் உள்பக்கம் போய் ஒரு படத்தைச் சுவரிலிருந்து எடுத்தார். சட்டம் இல்லாமல் ஊசி குத்தி மாட்டிய சின்னப் படம். வழக்கம்போல் அதைத் திருப்பினார். பிறகு பின்பக்கம் என்னைப் பார்க்கும்படி பிடித்துக்கொண்டு வந்து, தமிழில் ஏதோ எழுதியிருக்கிறது, என்னவென்று படித்துச் சொல்லுங்கள் என்றார்.

பென்சில் எழுத்து. "அக்காவுக்கு. முருங்கைக்காய் கிடைக்காத ஊருக்குப் போகிறாயே, இதைப் பார்த்துக்கொள்."

என் கையெழுத்து. மந்தைவெளி வீட்டுக் கொல்லையில் கிணற்றின் மேல் சாய்ந்து நிற்கிற முருங்கை மரத்தை அக்கா கப்பல் ஏறுவதற்கு முன்னால் நான் வரைந்து கொடுத்திருந்தேன். ரங்கூனில் தெருவுக்குத் தெரு முருங்கை இருக்கிறது என்று அவள் பிறகு எழுதி என்னைக் கேலி செய்தாள். படத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. ஆனாலும் திருப்பிப் பார்த்தேன். ஓரங்கள் சுருண்டு, ஒரு மூலையில் தண்ணீர்க் கறை ஏறியிருந்தது. என்ன ஆயிற்று என்று வியன்னா அம்மாள் கேட்டதும், நான் சொன்னதும் எனக்கு நினைவில்லை. அவர் என் தோளைப் பிடித்து உட்காரவைத்தது நினைவிருக்கிறது.

பாய் பதறிப்போய்விட்டார். ஒரு ஆள் அரக்குப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தான், அதற்குள் இந்தப் படம் சுருட்டி வைத்திருந்தது, நல்ல கையாக இருக்கிறதே என்று மாட்டினேன் என்றார். எப்போது என்று கேட்டேன். "போன வாரத்துக்கு முன்வாரம்மா. நீங்க ரெண்டு வாரமா வரலியே" என்றார். அந்த ஆள் சைதாப்பேட்டையில் ஆற்றோரக் குடிசைகளில் தன் தங்கையோடு இருப்பதாகச் சொன்னானாம். ரங்கூனில் மரக் கம்பெனி ஒன்றில் வாசல் காவல் பார்த்தவனாம்.

சைதாப்பேட்டைக்குப் போக வியன்னா அம்மாளுக்கு அனுமதி கிடையாது. அதை அவரிடம் சொன்னேன். அவர் அதற்குள் குடையை விரித்துக்கொண்டு பஸ் நிற்கிற இடத்துக்கு நடக்க ஆரம்பித்திருந்தார்.

ஆற்றங்கரையில் மூன்று இடத்தில் விசாரித்து அந்தக் குடிசையைக் கண்டுபிடித்தோம். நாற்பது வயதுக்காரர், கால் இரண்டும் புண்ணாகித் துணி சுற்றியிருந்தார். என் கையில் படத்தைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை.

"நான் திருடிக்கினு வர்லம்மா," என்றார். "அக்காதான் என் கையில குட்த்தாங்க. எங்க வூட்ல சேத்துடுன்னாங்க. மயிலாப்பூர் பக்கம்னாங்க, தெரு பேரு மறந்துபோச்சு. ஒரு நாள் பூரா கேட்டுக்கினு சுத்தினேன். அப்பால கால் வர்ல. வூட்ல நாலு பசங்க கீது."

உட்காருங்கள் என்று சொல்லி, அக்காவைப் பற்றிக் கேட்டேன். கப்பலில் இடம் கிடைக்காமல் அத்திம்பேர், அக்கா, இவர் மூன்று பேருமாகப் புறப்பட்டிருக்கிறார்கள். கொஞ்ச தூரம் ரயில், பிறகு மலைப்பாதையில் நடை. கூடவே ஆயிரக்கணக்கான ஜனம். தண்ணீர் இருந்த இடத்திலெல்லாம் வியாதி. மலையில் நாலாம் நாள் அக்காவுக்கு வாந்தி கண்டிருக்கிறது. நடக்க முடியவில்லை. அத்திம்பேர் அவளோடு தங்கிவிட்டு, நீ நில்லாதே, போ என்று இவரை அனுப்பியிருக்கிறார். அக்கா அரக்குப் பெட்டியை இவர் கையில் கொடுத்திருக்கிறாள். அதற்குமேல் இவருக்கு ஒன்றும் தெரியாது.

"கொஞ்ச தூரம் போயி திரும்பிப் பாத்தேன்," என்றார். "அக்கா மரத்தண்ட உக்காந்துக்கினுதான் இருந்தாங்க."

அவர் தங்கை எங்கள் இருவருக்கும் மோர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்தோம். படத்தை எடுத்துக்கொள்ளட்டுமா என்று அவரிடமே கேட்டேன். அவர் அழுதுவிட்டார்.

வியன்னா அம்மாளும் நானும் பஸ்ஸுக்குத் திரும்பி நடந்தோம். நான்தான் பேசிக்கொண்டு வந்தேன். அம்மாவிடம் இப்போது சொல்லப்போவதில்லை, நிச்சயமாகத் தெரியாத ஒன்றைச் சொல்லி அவளைக் கொல்வானேன், அண்ணனிடமும் நாலு நாள் பொறுத்துச் சொல்லலாம் என்றேன். அவர் நடையை நிறுத்திவிட்டார்.

"இன்றைக்கே சொல்லுங்கள், டீச்சர். நான் சொல்லாமல் இருந்தேன்."

அதுவரை அவர் தம் கணவரைப் பற்றிப் பேசியதில்லை. இறந்துவிட்டார் என்றே நான் நினைத்திருந்தேன். கிளம்புவதற்கு நாலு நாள் இருக்கும்போது ஒரு கடை ஜன்னலில் பனி மூடிய வயல்வெளிப் படம் ஒன்றை அவர் பார்த்திருக்கிறார். அது அவர் கணவருடைய அண்ணன் வீட்டுப் படம். அந்த வீட்டுக்கு என்ன நேர்ந்திருக்கும் என்பது உடனே தெரிந்துவிட்டது. கணவரிடம் சொன்னால் அண்ணனைத் தேடிப் போவார், ரயில் தவறிவிடும் என்று பயந்து மறைத்துவிட்டார். மூன்றாம் நாள் வேறு யாரோ சொல்லிக் கணவருக்குத் தெரிந்தது. இவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் தனியாகப் போனார். அந்த வீட்டு வாசலிலேயே அவரைப் பிடித்துக்கொண்டார்கள். இவர் ரயிலில் தனியாக வந்தார்.

"முதல் நாளே சொல்லியிருந்தால் இரண்டு பேரும் சேர்ந்து யோசித்திருப்போம். அவரைத் தனியாக விட்டிருக்க மாட்டேன்."

நாங்கள் அடையாறு போய்ச் சேர்ந்தபோது இருட்ட ஆரம்பித்துவிட்டது. வாசலில் ஒரு கான்ஸ்டபிள் நின்றுகொண்டிருந்தார். வியன்னா அம்மாள் என்னைத் தெரியாதவர்போல் கேட்டுக்குள் போய்விட்டார். அது எனக்காகச் செய்தது என்று பாதி வழி வந்த பிறகுதான் புரிந்தது.

வீட்டில் அம்மா முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். அண்ணனையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா முறத்தில் இருந்ததைப் புடைத்து முடித்தாள். கல்லைப் பொறுக்கி ஒரு ஓரமாகப் போட்டாள். பிறகு, "உட்கார்ந்துதானே இருந்தாளாம்?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அன்று ராத்திரி யாரும் சாப்பிடவில்லை. நடந்து வருகிற அகதிகள் கல்கத்தாவில்தான் வந்து சேர்கிறார்கள் என்று, விடிந்ததும் அண்ணன் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுக் கல்கத்தா மெயிலுக்குப் போனான்.

இரண்டு வாரம் அவனிடமிருந்து தகவல் இல்லை. அதற்கிடையில் நான் அடையாற்றுக்குப் போனேன். மாடி அறை பூட்டியிருந்தது. வீட்டுக்கார அம்மாள் கதவைப் பாதி திறந்துகொண்டு பேசினாள். முந்தின நாள் காலையில் இரண்டு பேர் வந்தார்கள், கடலோர ஊரில் எதிரி நாட்டுக்காரர்கள் இருக்கக் கூடாதென்று உத்தரவு, உள்நாட்டில் எங்கேயோ கொண்டுபோகிறார்கள், ஊர் பெயர் சொல்லவில்லை என்றாள். அவருடைய இரண்டு நோட்டுகளையும் எடுத்துக்கொண்டார்களாம். வியன்னாவிலிருந்து மறைத்துக் கொண்டுவந்த நோட்டையும். எல்லா எதிரி நாட்டுக்காரர்களையும் அந்த மாதத்தில் அனுப்பினார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். ஆனால் சைதாப்பேட்டைக்கு வந்ததுதான் காரணமோ என்ற எண்ணம் என்னை விட்டுப் போகவில்லை.

பங்குனிக் கடைசியில் அண்ணன் திரும்பி வந்தான். ஒற்றை மாட்டு வண்டியிலிருந்து அவன் இறக்கிவிட்ட மனிதரை எனக்கு அடையாளம் தெரியவில்லை. தலை மொட்டை, கன்னம் ஒட்டிப்போயிருந்தது. அத்திம்பேர். கல்கத்தாவில் ஒரு பள்ளிக்கூடத்தை ஆஸ்பத்திரியாக்கி அகதிகளைப் போட்டிருந்த இடத்தில், நினைவு தப்பிக் கிடந்திருக்கிறார். பெயர்கூட எழுதியிருக்கவில்லை, மதராஸி என்று மட்டும் எழுதியிருந்தது. அண்ணன் அந்தக் கட்டிலை இரண்டு தரம் தாண்டிப் போயிருக்கிறான். மூன்றாம் தரம்தான் காதோர மச்சத்தைப் பார்த்திருக்கிறான். இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் பிழைத்திருக்க மாட்டார் என்று அங்கே டாக்டர் சொன்னாராம்.

அக்கா மலையிலேயே போய்விட்டாள் என்பதை மட்டும், நினைவு திரும்பியதும், அத்திம்பேர் அண்ணனிடம் சொல்லியிருந்தார். அந்தச் சைதாப்பேட்டைக்காரர் திரும்பிப் பார்த்துவிட்டுப் போன அன்று சாயங்காலமே. நான் வீட்டோடு இருந்த இரண்டு சனிக்கிழமைகளுக்கும் முன்னால் நடந்தது அது. அதை அறிந்தபோது எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும், இருக்கவில்லை.

சித்திரையில் ஊரே காலியாயிற்று. ஜப்பான் கப்பல்கள் வருகின்றன என்றார்கள். பள்ளியை மூடினார்கள். மயிலாப்பூரில் வீட்டுக்கு வீடு பூட்டுத் தொங்கியது. நாங்கள் அத்திம்பேரையும் கூட்டிக்கொண்டு செங்கல்பட்டில் அம்மாவின் தம்பி வீட்டுக்குப் போய் ஆறு மாதம் இருந்தோம். அவர் மற்றதையெல்லாம் பேச ஆரம்பித்தது அங்கேதான். அம்மா ஒவ்வொரு நாளும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அக்கா அந்த நாலு நாளும் என்ன சாப்பிட்டாள், எங்கே படுத்தாள், என்ன பேசினாள் என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டுத் தெரிந்துகொண்டாள். நான் அந்த நேரத்தில் கிணற்றடிக்குப் போய்விடுவேன்.

யுத்தம் முடிந்து மறுவருஷம், பள்ளி விலாசத்துக்கு எனக்கு ஒரு கடிதம் வந்தது. லண்டன் முத்திரை. வியன்னா அம்மாள் எழுதியிருந்தார். கொண்டுபோய் வைத்திருந்த முகாமில் உடம்புக்கு ஒன்றும் நேரவில்லை. இப்போது ஒரு தையல் கூடத்தில் வேலை. நோட்டு திரும்பக் கிடைக்கவில்லை, நினைவில் உள்ளதை மறுபடி எழுதிக்கொண்டிருக்கிறேன், நூறு படங்களுக்கு மேல் வந்துவிட்டது, ஆனால் யாருக்கு அனுப்புவது என்று தெரியவில்லை என்று எழுதியிருந்தார். கணவரைப் பற்றி ஒரே ஒரு வரி. அவரை எந்த ஊருக்குக் கொண்டுபோனார்கள் என்று தெரிந்துவிட்டது, அங்கேயிருந்து யாரும் திரும்பவில்லை.

அம்மாவுக்கு அதைத் தமிழில் படித்துச் சொன்னேன். கேட்டுவிட்டு, அந்தம்மாவுக்கு இனிமேல் யார் இருக்கிறார்கள் என்று கேட்டாள். அது கடிதத்தில் இல்லை என்றேன்.

"இங்கே வந்து இருக்கச் சொல்லி எழுது," என்றாள் அம்மா. "நம்ம வீட்டில் ஒரு அறை காலியாகத்தானே கிடக்கிறது."

அன்றே எழுதித் தபாலில் போட்டேன். பதில் வரவில்லை. மறுபடி இரண்டு தரம் எழுதினேன். அந்த விலாசத்தில் யாரும் இல்லை என்று மூன்றாவது கடிதம் திரும்பி வந்தது.